மனிதர்களைப் படம் எடுக்க மதுரையில் எங்கே சேர்ந்து கற்கலாம்?

அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மூன்று மாதத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கினாள். அன்றிலிருந்து தெப்பக்குளம், யானைமலை, தெற்குக் கோபுரம் என்று எனக்கு வாட்ஸ்அப்பில் படம் வந்துகொண்டே இருக்கிறது. நன்றாகத்தான் எடுக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள், "சித்தி, எனக்கு ஆளுங்கள எடுக்கணும். யாராவது என்னைத் திரும்பிப் பாத்துட்டாலே கேமராவ இறக்கிடுறேன். எதுலயாவது சேந்து கத்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

போனில் நான்கு அறிவிப்புகளைச் சேர்த்து வைத்திருந்தாள். ஞாயிறு அதிகாலை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் இலவச போட்டோ வாக், கூட்டமாக நடந்துகொண்டே படம் எடுப்பது. ஸ்டூடியோவில் மாடலை வைத்து ஒரு நாள் பட்டறை. எட்டுப் பேரை மட்டும் சேர்த்துக்கொள்ளும் இரண்டு நாள் பயிற்சி. கல்யாண போட்டோகிராபர் ஒருவருக்கு அசிஸ்டென்ட் வேண்டும் என்ற விளம்பரம். முதல் மூன்றையும் நானே வெவ்வேறு வருடங்களில் செய்து பார்த்திருக்கிறேன். நான்காவதில் என் சித்தப்பா மகன் இரண்டு சீசன் வேலை பார்த்தான். அவளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நான் மருந்துக் கடையில் கணக்கு எழுதுகிறவள். அதனால் முதலில் ஒரு கணக்கு. ஸ்டூடியோ பட்டறையில் செய்முறை நேரம் காலை 10 மணி முதல் 1 மணி வரை, 180 நிமிடம். சேருகிறவர்கள் 25 பேர், எதிரே உட்காருகிற ஆள் ஒருவர். தலைக்கு 7 நிமிடம் வருகிறது. ஒருவர் கேமராவிலிருந்து லைட்டை இயக்குகிற டிரிக்கரைக் கழற்றி அடுத்தவர் மாட்டிக்கொள்வதிலும், லைட்டை நகர்த்துவதிலும் போவதைக் கழித்தால் 5 நிமிடம் மிஞ்சினால் பெரிது. அதே 180 நிமிடத்தை எட்டுப் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 22 நிமிடம். எதிரே உட்காருகிறவர்கள் இரண்டு பேர் என்றால் 45 நிமிடம். கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். மலையையோ மண்டபத்தையோ எடுக்கக் கற்பதற்கு இது பொருந்தாது, மலை நாள் முழுக்க அங்கேயே இருக்கும். ஒரு மனிதர் முன்னால் கேமராவோடு உட்கார்ந்து, அவரோடு பேசி, அவர் நம்மை மறக்கிற அளவுக்கு இருந்து பழகும் நிமிடங்கள்தான் இந்தக் கலையில் நமக்குக் கிடைக்கிற பாடம். எந்தப் பட்டறை அதை அதிகம் தருகிறதோ அதுவே நல்ல பட்டறை. என் கட்சி இதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்டூடியோ பட்டறைக்கு நான் போனபோது சொல்லிக்கொடுத்தவர் எல்லாரையும் கேமராவின் ஒளியுணர்வை ஐஎஸ்ஓ 100, ஷட்டரை 1/125 விநாடி, லென்ஸ் துளையை எஃப் 8 என்று வைக்கச் சொன்னார். வைத்தோம். பட்டுச்சேலையில் ஒரு பெண், பக்கத்தில் வெளிச்சத்தை மென்மையாக்குகிற பெரிய சாஃப்ட்பாக்ஸ், பின்னால் சாம்பல் நிறத் துணி. 25 பேரும் 25 அருமையான படம் எடுத்தோம், எல்லாம் ஒரே படம். வீட்டுக்கு வந்து அம்மாவை உட்கார வைத்து எடுத்தால் ஒன்றும் வரவில்லை. அந்த மாடல் பழகியவர். இரண்டு விநாடிக்கு ஒரு தரம் தானாகவே முகத்தைத் திருப்புவார், தோளைத் தாழ்த்துவார். என் அம்மா பள்ளிக்கூட குரூப் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைப்பாக உட்கார்ந்து, "எடுத்துட்டியா?" என்று கேட்டார். அவரை எப்படித் தளர வைப்பது என்று அந்தப் பட்டறையில் யாரும் சொல்லவே இல்லை. அங்கே அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

ஆனாலும் அந்த நாள் வீண் என்று சொல்ல மாட்டேன். லைட் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். முகத்திலிருந்து 3 அடியில் இருந்த விளக்கை 6 அடிக்குத் தள்ளினார்கள். முகத்தில் விழுந்த வெளிச்சம் பாதியாகும் என்று நினைத்தேன், கால்வாசியாகிவிட்டது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று. இதைப் புத்தகத்தில் படித்திருந்தாலும் மனதில் நின்றிருக்காது. இப்போது வீட்டு ஜன்னலை ஒட்டி ஒருவரை உட்கார வைத்தால் பின்சுவர் ஏன் இருண்டு போகிறது, இரண்டடி உள்ளே நகர்த்தினால் ஏன் எல்லாம் சமமாகிறது என்பது புரிகிறது. நிழல் விழுகிற பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாக்கோல் அட்டையைப் பிடித்தால் போதும், பாதி ஸ்டூடியோ வந்துவிடும். ஸ்டூடியோ வைக்கப் போகிறவர்களும் நகை, துணி விளம்பரம் எடுக்கப் போகிறவர்களும் இந்தப் பட்டறையைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆளைக் கண்டால் கேமராவை இறக்குகிறவளுக்கு இது முதல் படி ஆகாது.

போட்டோ வாக் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம். காசு இல்லை. அதிகாலை 5 மணிக்குத் தனியாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போக யோசிக்கிற பெண்களுக்குக் கூட்டம் ஒரு பாதுகாப்பு. பூ மார்க்கெட்டும் லேசான பள்ளிக்கூடம் இல்லை. மேலே எல்இடி விளக்கின் வெள்ளை, கடைக்குள் குண்டு பல்பின் மஞ்சள், வெளியே விடிகிற நீலம், மூன்றும் ஒரே முகத்தில் விழும். ஒயிட் பேலன்ஸ், அதாவது எந்த வெளிச்சத்திலும் வெள்ளையை வெள்ளையாகவே காட்ட வைப்பது, என்றால் என்ன என்பது அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மல்லிக் குவியலுக்குப் பின்னால் நிற்கிறவரை எடுத்தால் முகம் கருத்துப் போகும். கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைப் பூ நிறைய இருந்தால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். அங்கே ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, கூட்டி எடுக்க வேண்டும். வெள்ளை வேட்டி சட்டைக்காரர்களுக்கும் இதே கதைதான்.

குறை என்னவென்றால், இருபது பேர் ஒன்றாக நடக்கும்போது நாம் மனிதர்களைச் சந்திப்பதில்லை, சூழ்ந்துகொள்கிறோம். நான் போன ஒரு போட்டோ வாக்கில், மூட்டை இறக்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரை முதலில் ஒருவர் பார்த்தார். நல்ல முகம், நல்ல வெளிச்சம். அடுத்த நிமிடம் அவரைச் சுற்றி ஒன்பது கேமரா. அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டார். நாங்கள் நகரும்வரை துண்டை விலக்கவில்லை. அந்த வட்டத்தில் நானும் நின்றேன். துண்டு போட்ட அந்தப் படம் என்னிடம் இருக்கிறது, யாருக்கும் காட்டியதில்லை. நடத்துகிறவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. இருபது பேரை அழைத்துக்கொண்டு போனால் இது நடக்கத்தான் செய்யும்.

இன்னொன்றையும் கவனித்தேன். போட்டோ வாக்குக்கு வருகிற பாதிப் பேர் கடைசியில் கோபுரத்தையும் தூணையும் எடுத்துக்கொண்டுதான் வீடு திரும்புகிறார்கள். 1858-இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி பெரிய கேமராவோடு மதுரைக்கு வந்து கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். அவர் படங்களில் மனிதர்கள் அபூர்வம். அன்றைய எக்ஸ்போஷர் நேரம் நீளம், அசைகிற ஆள் கரைந்துபோவார், அவரைக் குறை சொல்ல முடியாது. நம் கையில் 1/200 விநாடியில் ஆளை நிறுத்துகிற கேமரா இருந்தும் தூணையே எடுத்துக்கொண்டிருப்பது கூச்சத்தினால்தான். கூச்சத்துக்கு ஒத்தாசையாக ஜூம் லென்ஸ் வேறு. சென்சார் கொஞ்சம் சிறிதான சாதாரண ஏபிஎஸ்-சி கேமராவில் 50 எம்எம் லென்ஸ் போட்டு ஒருவரை இடுப்புவரை எடுக்க 6 அடி தூரத்தில் நிற்க வேண்டும். அது பேசுகிற தூரம். அதே படத்தை 200 எம்எம்மில் எடுத்தால் 25 அடி தள்ளி நிற்கலாம், பேசவே வேண்டாம். கற்கிற காலத்தில் ஜூமை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

அப்புறம் அந்த எட்டுப் பேர் பட்டறை. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

முதல் நாள் காலை கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே விடவில்லை. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து கால் மணி நேரம் பேசச் சொன்னார்கள். என் ஜோடி ஒத்தக்கடையில் மளிகைக் கடை வைத்திருக்கிற ஒரு அண்ணன். பேசி முடித்ததும் அவர் என்னை எடுக்க வேண்டும், நான் அவரை எடுக்க வேண்டும். என்னைக் கடைசியாக ஒருவர் நிதானமாகப் படம் எடுத்தது என் கல்யாணத்தில். அவர் கேமராவைத் தூக்கியதும் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். என் முகம் இறுகியது எனக்கே தெரிந்தது. ஆறு வருடமாக எல்லாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தேன், அன்றோடு விட்டேன். இப்போது எதிரே இருப்பவர் கையில் ஏதாவது வேலை கொடுத்துவிடுகிறேன். பூ கட்டச் சொல்வேன், சட்டைக் கையை மடித்துவிடச் சொல்வேன். கை தளர்ந்தால் முகம் தானாகத் தளரும். இந்த ஒரு பாடம் தனியாக வீடியோ பார்த்துக் கற்கிறவருக்குக் கிடைக்காது. நாமும் ஒருமுறை எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்கு ஒரு குழு வேண்டும்.

எட்டு முகங்களும் எட்டு நிறம். அதுவும் ஒரு பாடம். கருத்த முகம் படம் நிறைய வரும்போது மீட்டர் அதை வெளுக்கப் பார்க்கும். நம் தோலில் இருக்கிற அந்தப் பளபளப்பு சாம்பல் பூத்ததுபோல ஆகிவிடும். முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைத்துப் பார்த்தால் முகம் திரும்பி வரும். பழைய நாட்களில் கோடாக் நிறுவனம் படம் பிரிண்ட் போடுகிற லேப்களுக்குக் கொடுத்த மாதிரி அட்டையில் வெள்ளைக்காரப் பெண்களின் முகமே இருந்தது, அதைப் பார்த்துத்தான் நிறம் சரிசெய்தார்கள். நம் முகத்தின் நிறத்தை நாம்தான் பார்த்துப் பார்த்துச் சரியாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மதியம் விளாச்சேரிக்குப் போனோம். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்து ஊர், கொலு பொம்மையும் பிள்ளையாரும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் செய்கிற குடும்பங்கள் இருக்கிற ஊர். முன்கூட்டியே கேட்டு வைத்திருந்த நான்கு வீடுகளுக்கு இரண்டிரண்டு பேராகப் பிரித்து அனுப்பினார்கள். அரை மணி நேரம் கழித்துத்தான் கேமரா. எனக்குக் கிடைத்த வீட்டில் எழுபது வயது இருக்கும் ஓர் ஆத்தா வாசல்படியை ஒட்டி உட்கார்ந்து வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். "எந்த ஊருத்தா?" என்றார். எல்லீஸ் நகர் என்றேன். "எத்தன பிள்ளைக?" ஒன்று என்றேன். ஒரு பொம்மையை என் கையில் கொடுத்து, "காயல, அடியில பிடி" என்றார். அதற்கப்புறம் நான் விருந்தாளி இல்லை, எடுபிடி. கேமராவை எப்போது எடுத்தேன் என்று அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

இடது பக்கம் வாசல் வெளிச்சம், பின்னால் வீட்டின் இருட்டு. சேலை, நகை, பொட்டு எல்லாம் முடித்துவிட்டுக் கண்ணைக் கடைசியாக வைத்தார். மெல்லிய தூரிகையை எடுத்ததும் பேச்சு நின்றது. மூச்சையும் பிடித்துக்கொண்டார். இடது கண்மணியை வைத்து, பொம்மையைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்து, வலது கண்மணியை வைத்து, அதற்குப் பிறகுதான் மூச்சை விட்டார். அதற்குள் பதினோரு படம் எடுத்திருந்தேன்.

சாயங்காலம் எட்டுப் பேரின் படத்தையும் சுவரில் போட்டுப் பார்த்தோம். விதி ஒன்றுதான்: எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. என் படத்தில் தூரிகையும் பொம்மையின் கண்ணும் ஊசிமுனைபோல வந்திருந்தன. எனக்கு உள்ளுக்குள் பெருமை. மளிகைக் கடை அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பொம்மைக்குக் கண்ணு இருக்கு. ஆத்தாவுக்குக் கண்ணு எங்க?" என்று கேட்டார். உண்மைதான். லென்ஸ் துளையை அகலத் திறந்த எஃப் 1.8-இல் ஆறடி தூரத்தில் தெளிவாக விழுகிற ஆழம் அரைச் சாண்கூட இல்லை. ஆத்தாவின் முகம் பொம்மைக்கு ஒரு சாண் பின்னால் இருந்தது, கலங்கிப் போயிருந்தது. தனியாக இருந்திருந்தால் அதை நானே கண்டுபிடித்திருக்க மாட்டேன். மூச்சுப் பிடித்த அந்த நொடி எனக்கு நினைவில் இருந்ததால் படத்திலும் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தேன். அவருக்கு அந்த நினைவு இல்லை, படம் மட்டும்தான் இருந்தது.

அதனால்தான் இரண்டாம் நாள் முக்கியம். காலையில் அதே வீட்டுக்குப் போனேன். துளையைச் சுருக்கி எஃப் 4 வைத்தேன், முகத்தைப் பொம்மைக்குப் பக்கத்தில் கொண்டுவருகிற கோணத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். அன்று எடுத்த படத்தை நாலுக்கு ஆறு பிரிண்ட் போட்டு அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நாள் பட்டறைகளில் இந்தத் திரும்பிப் போவது கிடையாது. தப்பு எங்கே என்று தெரிந்த பின்பு அதே ஆளிடம், அதே வெளிச்சத்தில் மறுபடி உட்காரக் கிடைப்பதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

கல்யாண வேலை தனி ரகம். என் சித்தப்பா மகன் முதல் சீசன் முழுக்க லைட் ஸ்டாண்டைத்தான் பிடித்தான். படம் எடுக்கக் கேமரா கைக்கு வந்தது எட்டாவது மாதம், அதுவும் ஒரு காதுகுத்தில். ஆனால் அவன் கற்றதை எந்தப் பட்டறையும் தராது. தாலி ஏறுவது ஒரு தரம்தான், அந்த நொடியில் எங்கே நிற்க வேண்டும், குறுக்கே வரும் தாய்மாமனை எப்படி மரியாதையாக நகர்த்த வேண்டும், அறுபது சொந்தக்காரர்களை மேடையில் இரண்டு நிமிடத்தில் எப்படி அடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு இப்போது அத்துப்படி. சம்பளமும் கொஞ்சம் உண்டு. இதைத் தொழிலாக எடுக்கிறவர்களுக்கு இதைவிட நேரான வழி இல்லை. கல்லூரி போகிற பெண்ணுக்கு ரிசப்ஷன் முடிந்து நடுராத்திரி மண்டபத்திலிருந்து திரும்பி, விடியற்காலை முகூர்த்தத்துக்கு மறுபடி போவது நடக்காது. அக்காவும் விடமாட்டாள். பெண்களே நடத்துகிற டீமாக இருந்தால் அப்போது பேசிப் பார்க்கலாம்.

ஊட்டியில் 2001 முதல் நடக்கிற லைட் அண்ட் லைஃப் அகாடமி போன்ற முழுநேரப் படிப்புகளையும் அவள் கேட்டாள். அது வாழ்க்கைத் தொழிலைத் தீர்மானித்த பிறகு எடுக்கிற முடிவு. இப்போது வேண்டாம்.

யார் சொல்லிக்கொடுக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். எம். பழனிகுமார் மதுரைப் பக்கத்துக்காரர், கிராமப்புற இந்தியாவின் வாழ்க்கையைப் பதிவுசெய்கிற பாரி (PARI) ஆவணக் காப்பகத்தின் புகைப்படக் கலைஞர். தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையை வருடக்கணக்கில் எடுத்தவர், உழைக்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கேமராவைக் கொடுத்துப் பட்டறையும் நடத்துகிறவர். அந்த மாதிரி, எடுத்த மனிதர்களிடம் திரும்பத் திரும்பப் போகிறவர்களிடம் கற்க வேண்டும். பட்டறை நடத்துகிறவரின் படங்களைப் பாருங்கள். ஒரே முகம் இரண்டு மூன்று வருட இடைவெளியில் மறுபடி வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் நம்பிப் பணம் கட்டலாம்.

பணம் கட்டுவதற்கு முன்னால் போன் போட்டுக் கேட்க வேண்டியவை அதிகம் இல்லை. எத்தனை பேர், எதிரே உட்காருகிறவர்கள் எத்தனை பேர், அவர்களிடம் முன்பே கேட்டுவிட்டார்களா, அவர்களுக்குக் கூலியோ பிரிண்டோ போகிறதா, அன்றே படத்தைப் போட்டுப் பேசுவார்களா. குழந்தைகளை எடுப்பதாக இருந்தால் பெற்றோரிடம் யார் கேட்பது என்பதையும் கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்று பதில் வந்தால் அதில் சேர வேண்டாம்.

அக்கா மகளுக்கு நான் சொன்னது எட்டுப் பேர் பட்டறை. அதற்கு முன்னால் ஒரு போட்டோ வாக்குக்குப் போய்வரட்டும், ஆனால் கூட்டம் இடது பக்கம் போனால் அவள் வலது பக்கம் போக வேண்டும். ஸ்டூடியோ அடுத்த வருடம்.

கட்டணம் அதிகமாகத் தெரிந்தால் இன்னொரு வழி இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. நல்ல கல்யாண போட்டோகிராபர்கள் பலர் அப்போது கொஞ்சம் ஓய்வாக இருப்பார்கள். ஆறேழு பேர் சேர்ந்து ஒருவரைப் பிடித்து, இரண்டு நாள் சொல்லித்தரக் கேட்டுப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். இரண்டில் மார்கழி நல்லது. சித்திரையில் மதுரைக்கு உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் வரும், ஏப்ரல் நடுவில் பன்னிரண்டேகால் மணிக்கு நிழலே இருக்காது, எல்லார் கண்ணும் இரண்டு கருப்புக் குழியாக விழும். ஆடியும் கிட்டத்தட்ட அப்படித்தான். மார்கழியில் உச்சியிலும் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும், தெற்கு பார்த்த திண்ணை எல்லாம் பகல் முழுக்க நல்ல ஸ்டூடியோ. தை பிறந்துவிட்டால் அவர்களைப் பிடிக்க முடியாது. ஐப்பசியிலேயே பேசி, தேதியை வாங்கி வைத்துவிடுங்கள்.